ஐநெட் வகையில் உள்ள மதிப்பை எப்படிப் படிப்பது? ஒரே முகவரி ஏன் சமமாக வருவதில்லை?

கேள்வி: பதிவேட்டாளர்

வணக்கம். பல சேவையகங்களிலிருந்து வரும் அணுகல் பதிவுகளை ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்க்கும் நிரல் ஒன்றை எழுதிவருகிறேன். பயனரின் ஐபி முகவரி இதுவரை உரை வகை நெடுவரிசையில் இருந்தது. வரிசைப்படுத்தினால் 10.0.0.10 என்பது 10.0.0.9 என்பதற்கு முன்னால் வந்து நின்றது. ஒரு வலையமைப்புக்குள் அடங்கும் முகவரிகளை மட்டும் எடுக்கவும் நேரான வழி இல்லை. எனவே அந்த நெடுவரிசையை, ஐபி முகவரிகளுக்கென்றே போஸ்ட்கிரெஸில் உள்ள ஐநெட் (inet) வகைக்கு மாற்றினேன். மாற்றம் பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. அதன் பிறகுதான் பின்வரும் மூன்று கேள்விகள் எழுந்தன.

முதலாவது, என் நிரல் வேகத்திற்காகப் பைனரி வடிவில் தரவைப் படிக்கிறது. 192.0.2.10 என்ற முகவரிக்கு நான்கு பைட் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவை எட்டு: 2, 32, 0, 4, 192, 0, 2, 10. ஐபிவி6 முகவரிக்கு 20 பைட் வருகிறது. அதன் தொடக்கம் 3, 128, 0, 16. முதல் பைட் முகவரிக் குடும்பத்தைக் குறிக்கிறது என்று ஊகித்தேன். ஆனால் லினக்ஸில் ஐபிவி6 குடும்பத்தின் எண் 10 அல்லவா? 3 எங்கிருந்து வந்தது?

இரண்டாவது, ஒரு சேவையகம் 192.0.2.10 என்றும், இன்னொன்று 192.0.2.10/24 என்றும் ஒரே கணினியின் முகவரியை அனுப்புகின்றன. இரண்டையும் ஐநெட் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சமக்குறி இட்டு ஒப்பிட்டால் பொய் என்றே விடை வருகிறது. தனித்தன்மைக் கட்டுப்பாடு இருந்தும் இரு வரிகளும் உள்ளே நுழைந்துவிடுகின்றன.

மூன்றாவது, வினவலில் நேரடியாகக் கேட்டால் 192.0.2.10 என்று வரும் மதிப்பு, உரைக்கு மாற்றிக் கேட்டால் 192.0.2.10/32 என்று வருகிறது. எது உண்மையான மதிப்பு? இந்த நெடுவரிசைக்கு ஐநெட் பொருத்தமா, வலையமைப்புகளை வைப்பதற்கான சிஐடிஆர் (cidr) வகை பொருத்தமா, அல்லது பேசாமல் உரைக்கே திரும்பிவிடுவது நல்லதா?

பதில் 1: பைட்வரிசை

முதல் கேள்விக்கு மட்டும் விடையளிக்கிறேன். மற்ற இரண்டையும் என்னைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நீங்கள் பார்ப்பது போஸ்ட்கிரெஸ் சேவையகம் வெளியே அனுப்பும் பைனரி வடிவம். அதன் அமைப்பு எளிது: குடும்பத்திற்கு ஒரு பைட், முன்னொட்டு நீளத்திற்கு (முகவரியின் தொடக்கத்தில் எத்தனை பிட் வலையமைப்பைக் குறிக்கிறது என்ற எண், அதாவது /24 இல் வரும் 24) ஒரு பைட், இது சிஐடிஆர் வகையா என்பதைச் சொல்லும் கொடி ஒரு பைட், பின்வரும் முகவரி எத்தனை பைட் என்பதற்கு ஒரு பைட், அதன் பின் முகவரியே பெரிய எடை பைட் முதலில் வரும் வரிசையில். ஆகவே உங்கள் எட்டு பைட்டை இப்படிப் படிக்க வேண்டும்: குடும்பம் 2, முன்னொட்டு 32 பிட், சிஐடிஆர் அல்ல, முகவரி 4 பைட் நீளம், முகவரி 192.0.2.10. ஐபிவி6 என்றால் அதே நான்கு தலைப்பு பைட்டுகளுக்குப் பின் 16 பைட் வருவதால் மொத்தம் 20. எடுத்துக்காட்டுகளுக்கென்று ஒதுக்கப்பட்டுள்ள ஐபிவி6 தொகுதியைச் சேர்ந்த முகவரியானால், அந்த 16 பைட்டும் 32, 1, 13, 184 என்று தொடங்கும்.

3 என்ற எண்ணுக்கு நல்ல காரணம் உண்டு. ஐபிவி4 குடும்பத்திற்கு இயங்குதளங்கள் பெரும்பாலும் 2 என்ற ஒரே எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஐபிவி6 அப்படியல்ல: லினக்ஸில் 10, விண்டோஸில் 23, ஃப்ரீபிஎஸ்டியில் 28, மேக்ஓஎஸ்ஸில் 30. சேவையகம் ஒரு தளத்திலும் அதைப் படிக்கும் நிரல் இன்னொரு தளத்திலும் இருக்கும்போது, இயங்குதளத்தின் எண்ணையே அனுப்பினால் பெறுபவரால் அதைப் புரிந்துகொள்ள முடியாது. எனவே போஸ்ட்கிரெஸ் தனக்கென்று இரண்டு எண்களை வகுத்துக்கொண்டது: ஐபிவி4 குடும்பத்தின் எண் அப்படியே, ஐபிவி6 என்பது அதனுடன் ஒன்றைக் கூட்டிய எண். உங்கள் நிரலில் இயங்குதளத்தின் மாறிலியோடு ஒப்பிடும் வரி இருந்தால் அதை நீக்கிவிட்டு, 2 மற்றும் 3 ஆகியவற்றையே நேரடியாக எழுதுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: வினவலில் ஃபேமிலி என்ற செயற்கூற்றை அழைத்தால் அது 4 அல்லது 6 என்று திருப்பித் தரும். ஆக ஒரே செய்திக்கு மூன்று எண்முறைகள் உலவுகின்றன. நிரலுக்குள் அவை கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பைட்டான சிஐடிஆர் கொடியைப் பெரிதாக நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் பழைய வழக்கத்தின் எச்சம். சேவையகம் அதைச் சரியாக நிரப்பி அனுப்புகிறது. ஆனால் நீங்கள் அனுப்பும்போது அதில் என்ன இருந்தாலும் பொருட்படுத்துவதில்லை. மதிப்பு எந்த வகை என்பதை நெடுவரிசையின் வகை எண்ணைக் கொண்டு அறிவதே முறை: ஐநெட் வகையின் எண் 869, சிஐடிஆர் வகையின் எண் 650.

வட்டில் சேமிக்கும் வடிவம் இதிலிருந்து வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே நீளமும் கொடியும் தனித்தனியே எழுதப்படுவதில்லை. ஒரு பைட் தலைப்பு, குடும்பம், முன்னொட்டு நீளம், முகவரி ஆகியவை மட்டுமே. அதனால்தான் ஆவணத்தில் ஐபிவி4 மதிப்புக்கு 7 பைட் என்றும் ஐபிவி6 மதிப்புக்கு 19 பைட் என்றும் போட்டிருக்கிறார்கள். அந்த எண்களை வைத்துப் பைனரி ஓட்டத்தைப் படிக்க முயன்றால் கணக்கு பொருந்தாது. நீங்கள் பைனரி காப்பி (தரவை மொத்தமாக ஏற்றி இறக்கும் COPY கட்டளை) வழியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு புலத்துக்கும் முன்னால் 4 பைட் நீளம் தனியாக வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: முன்னொட்டு

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு விடை ஒன்றே என்பதால் சேர்த்து எழுதுகிறேன்.

ஐநெட் வகையின் மதிப்பு முகவரி மட்டும் அல்ல. அது முகவரியும் முன்னொட்டு நீளமும் சேர்ந்த இணை. பைட்வரிசை காட்டிய எட்டு பைட்டுகளில் இரண்டாவதாக நின்ற 32 என்ற எண் அலங்காரமன்று. மதிப்பின் சரிபாதி அது. 192.0.2.10 என்று எழுதினால் முன்னொட்டு 32 என்று கொள்ளப்படுகிறது. அதாவது எல்லாப் பிட்டுகளும் இந்த ஒரு கணினியைக் குறிக்கின்றன, வேறு எதையும் இல்லை. 192.0.2.10/24 என்று எழுதினால், 192.0.2.0/24 என்ற வலையமைப்பில் இருக்கும் 10 ஆம் முகவரி என்று பொருள். இரண்டும் வேறு வேறு கூற்றுகள். ஆகவே சமக்குறி பொய் என்று சொல்வது தரவுத்தளத்தின் குறை அல்ல. நாம் தந்த இரண்டு வேறு செய்திகளை அது வேறுவேறாகவே வைத்திருக்கிறது.

உரை வடிவத்தில் காணும் வேறுபாடும் இதிலிருந்தே பிறக்கிறது. முன்னொட்டு முழு நீளமாக, அதாவது ஐபிவி4 மதிப்பில் 32 ஆகவோ ஐபிவி6 மதிப்பில் 128 ஆகவோ இருந்தால், வழக்கமான வெளியீடு அதைக் காட்டாமல் விட்டுவிடுகிறது. உரைக்கு வெளிப்படையாக மாற்றும்போது எதையும் சுருக்காமல் /32 என்பதையும் சேர்த்துத் தருகிறது. உள்ளே இருக்கும் மதிப்பு இரு வேளையிலும் ஒன்றே. முகவரிப் பகுதி மட்டும் வேண்டுமென்றால் ஹோஸ்ட் என்ற செயற்கூறும், முன்னொட்டு மட்டும் வேண்டுமென்றால் மாஸ்க்லென் என்ற செயற்கூறும் இருக்கின்றன. உரைக்கு மாற்றிவிட்டுச் சாய்கோட்டில் வெட்டி எடுக்கும் வினவல்களை அடிக்கடி பார்க்கிறேன். அதற்குத் தேவையே இல்லை.

ஒப்பீட்டு விதியை ஒருமுறை முழுமையாகத் தெரிந்துகொள்வது பயன் தரும். இரு மதிப்புகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையானால், முதலில் இரண்டுக்கும் பொதுவான முன்னொட்டுப் பகுதி ஒப்பிடப்படுகிறது. அது சமமானால் முன்னொட்டு நீளங்கள் ஒப்பிடப்படுகின்றன. அவையும் சமமானால்தான் எஞ்சிய பிட்டுகள் பார்க்கப்படுகின்றன. இதன் விளைவு சிலருக்கு வியப்பாக இருக்கும்: 192.0.2.200/24 என்பது 192.0.2.1 என்பதற்கு முன்னால் வரிசையில் நிற்கும், ஏனென்றால் முதல் 24 பிட்டும் ஒன்றாக இருக்கும் நிலையில் 24 என்பது 32 ஐவிடச் சிறியது. வலையமைப்பு முதலிலும் அதில் அடங்கும் தனி முகவரிகள் அடுத்தும் வர வேண்டும் என்ற நோக்கத்திற்கு இந்த விதி மிகப் பொருத்தமானது. முன்னொட்டுகள் கலந்து கிடக்கும் நெடுவரிசையில்தான் அது குழப்பமாகத் தெரிகிறது. குடும்பங்கள் வேறானால் ஐபிவி4 எப்போதும் முன்னால்.

இப்போது எந்த வகை என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் என் கருத்து உறுதியானது: முதலில் அந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள், வகை தானாகத் தெரியும். "இந்தக் கோரிக்கையை அனுப்பிய கணினி" என்றால் அது தனி முகவரி. ஐநெட் வகையை வைத்து, முன்னொட்டு முழு நீளமாகவே இருக்க வேண்டும் என்று சரிபார்ப்புக் கட்டுப்பாடு ஒன்றும் போடுங்கள். மாஸ்க்லென் தரும் எண், ஃபேமிலி 4 ஆனால் 32 ஆகவும், 6 ஆனால் 128 ஆகவும் இருக்க வேண்டும் என்பதே அந்தக் கட்டுப்பாடு. ஒரே வரியில் எழுதிவிடலாம். "இந்தத் தொகுதி இந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது" என்றால் அது வலையமைப்பு. சிஐடிஆர் வகையை வையுங்கள். "இந்த இடைமுகத்திற்குக் கொடுக்கப்பட்ட முகவரியும் அதன் வலையமைப்பும்" என்றால்தான் முன்னொட்டோடு கூடிய ஐநெட் மதிப்புக்குப் பொருள் இருக்கிறது. ரூட்டர் அமைப்புகளைச் சேமிக்கும் அட்டவணைகளில் இது தேவைப்படும். உங்களுடைய அணுகல் பதிவு சந்தேகமின்றி முதல் வகை. /24 என்று அனுப்பும் சேவையகம் தன் இடைமுக அமைப்பையே எடுத்து அனுப்புகிறது போலும். பதிவேட்டில் அந்தச் செய்திக்கு இடமில்லை. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வரிகளை, ஹோஸ்ட் தரும் உரையை மீண்டும் ஐநெட் ஆக்கிப் புதுப்பித்துவிட்டு, அதன் பிறகு கட்டுப்பாட்டைச் சேர்த்துவிடுங்கள். இரட்டை வரிகள் இருப்பதால் தனித்தன்மைக் கட்டுப்பாடு அந்தப் புதுப்பித்தலைத் தடுக்கும். எனவே அவற்றை முதலில் ஒன்றாக்க வேண்டும்.

சிஐடிஆர் வகை இன்னும் கண்டிப்பானது. முன்னொட்டுக்கு வலப்பக்கம் உள்ள பிட்டுகள் யாவும் சுழியாக இருக்க வேண்டும், 192.0.2.10/24 என்பதை அது பிழை சொல்லி மறுத்துவிடும். அந்தக் கண்டிப்புதான் அதன் பயன். ஆனால் ஒரு பொறி இருக்கிறது: ஐநெட் மதிப்பை வகைமாற்றம் செய்து சிஐடிஆர் ஆக்கினால், அதே பிட்டுகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சுழியாக்கப்படும். உரையிலிருந்து வந்தால் பிழை, ஐநெட் வழியாக வந்தால் மௌனமான மாற்றம். இதைத் தெரிந்தே பயன்படுத்துவது வேறு, தெரியாமல் தரவை இழப்பது வேறு. இன்னொரு பொறி, முன்னொட்டே எழுதாமல் விடுவது. சிஐடிஆர் உள்ளீட்டில் 10 என்று மட்டும் எழுதினால் 10.0.0.0/8 என்றும், 128 என்று எழுதினால் 128.0.0.0/16 என்றும் ஊகிக்கிறது. முகவரியின் முதல் எண்ணை வைத்தே வலையமைப்பின் அளவைத் தீர்மானித்த வகுப்பு முறையை விட்டு வலையமைப்பு உலகம் 1993 லேயே நகரத் தொடங்கிவிட்டது. இந்த ஊகம் மட்டும் அந்தப் பழைய முறையிலேயே நிற்கிறது. முன்னொட்டை எப்போதும் எழுதுங்கள்.

உரைக்குத் திரும்புவதை நான் ஏற்கமாட்டேன். ஐபிவி6 முகவரி ஒன்றைப் பல விதமாக எழுத முடியும்: சுழிகளைச் சுருக்கலாம், சுருக்காமல் விடலாம், பெரிய எழுத்தில் எழுதலாம், சிறிய எழுத்தில் எழுதலாம். எந்த எழுத்து வடிவத்தைப் பொது வடிவமாகக் கொள்வது என்று 2010 இல் ஆர்எஃப்சி 5952 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்தது. ஆனால் உங்களுக்குப் பதிவு அனுப்பும் எல்லா நிரல்களும் அதைப் பின்பற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. உரையாக வைத்தால் ஒரே கணினி பல பெயர்களில் உலவும். ஐநெட் அந்த வேற்றுமைகளை உள்ளே நுழையும்போதே அழித்து, 128 பிட்டுகளாக மட்டும் வைத்துக்கொள்கிறது.

தொடர் கேள்வி: பதிவேட்டாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. கட்டுப்பாட்டைச் சேர்த்துவிட்டேன், /24 என்று அனுப்பிய சேவையகத்தின் அமைப்பையும் திருத்தியாகிவிட்டது. ஆனால் சமமாக வராத வரிகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் குடும்பம் 3, முன்னொட்டு 128. முகவரியின் முதல் பத்து பைட்டும் 0, அடுத்த இரண்டும் 255, கடைசி நான்கும் 192, 0, 2, 10. இதுவும் அதே கணினிதான் என்று கடைசி நான்கு பைட் சொல்கிறது. தரவுத்தளம் ஏன் ஏற்கவில்லை?

இன்னொன்று, தடைசெய்யப்பட்ட வலையமைப்புகளை சிஐடிஆர் நெடுவரிசையில் தனி அட்டவணையாக வைத்திருக்கிறேன். ஒரு முகவரி அவற்றில் எதற்குள் அடங்குகிறது என்று இரு அட்டவணைகளையும் இணைத்துக் கேட்டால் வினவல் மிக மெதுவாக ஓடுகிறது. இரு நெடுவரிசைகளிலும் வழக்கமான இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் துணை அமைப்பு) இருக்கிறது. தனி வலையமைப்பு ஒன்றை நேரடியாக எழுதிக் கேட்டால் மட்டும் உடனே விடை வருகிறது. இந்த வேறுபாட்டின் காரணமும் விளங்கவில்லை.

பதில் 3: அட்டவணைத்தச்சர்

முதலில் அந்த 0, 255 வரிகள். அவை ஐபிவி6 வடிவத்துக்குள் பொதிந்து வந்த ஐபிவி4 முகவரிகள். ஒரே சாக்கெட்டில் இரு நெறிமுறைகளையும் கேட்கும்படி அமைக்கப்பட்ட சேவையகத்தில், ஐபிவி4 வழியாக வரும் பயனரின் முகவரி நிரலுக்கு இந்த வடிவில்தான் கிடைக்கும்: முதல் 80 பிட் சுழி, அடுத்த 16 பிட் ஒன்று, கடைசி 32 பிட்டில் உண்மையான முகவரி. போஸ்ட்கிரெஸ் இதை ஐபிவி6 மதிப்பாகவே நடத்துகிறது. வரிசைப்படுத்தும்போதும் ஐபிவி4 முகவரிகள் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வைக்கிறது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கம்பியில் சென்ற பொதி எது என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது. பொதிந்த முகவரியை எப்படிப் பொருள்கொள்வது என்பதைப் பதிவை எழுதும் நிரல்தான் தீர்மானிக்க வேண்டும்.

எனவே அவிழ்க்கும் வேலையை நுழைவாயிலிலேயே செய்துவிடுங்கள். உங்கள் நிரல் ஏற்கெனவே பைட்டுகளைக் கையாள்வதால், முதல் 12 பைட்டைச் சோதித்துக் கடைசி நான்கை மட்டும் எடுப்பது மிகச் சிறிய வேலை. பைத்தானின் இணையச் சட்டகமான ஜாங்கோவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதன் பொது ஐபி முகவரிப் புலத்தில் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. இயல்பாக அது அணைந்திருக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் வரிகளைத் திருத்த, கணக்கையே பயன்படுத்தலாம். அந்த 96 பிட் முன்னொட்டுக்குள் அடங்கும் வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முகவரியிலிருந்தும் அந்தத் தொகுதியின் முதல் முகவரியைக் கழித்தால் பெரிய முழுஎண் ஒன்று கிடைக்கும். உங்கள் எடுத்துக்காட்டில் அது 3221225994. அதை 0.0.0.0 என்ற ஐநெட் மதிப்போடு கூட்டினால் 192.0.2.10 என்று முழு முன்னொட்டோடு வந்துவிடும். உரையை வெட்டி ஒட்டத் தேவையில்லை.

இணைப்புமுகவரிகள் எனப்படும், ஒரே கம்பிக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஐபிவி6 முகவரிகளையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். அவை பெரும்பாலும் முகவரிக்குப் பின் விழுக்காட்டுக் குறியும் இடைமுகத்தின் பெயரும் ஒட்டி வரும். ஐநெட் அந்த ஒட்டை ஏற்காது. இடைமுகம் இல்லாமல் அத்தகைய முகவரிக்கு முழுப் பொருள் இல்லை என்பதால், அதை வெட்டி எறியாமல் தனி நெடுவரிசையில் வையுங்கள்.

இனி வேகம். ஒரு முகவரி ஒரு வலையமைப்புக்குள் அடங்குகிறதா என்று கேட்கும் <<= என்ற குறி, வலப்பக்கம் நிலையான மதிப்பாக இருக்கும்போது, மதிப்புகளை வரிசையாக வைக்கும் வழக்கமான பி-ட்ரீ (B-tree) இன்டெக்ஸைப் பயன்படுத்த முடிகிறது. அந்த வலையமைப்பின் முதல் மதிப்பு, கடைசி மதிப்பு என்ற இரண்டையும் திட்டமிடும் பகுதி முன்கூட்டியே கணித்து, கேள்வியை ஒரு நெடுக்கமாக மாற்றிவிடுகிறது. மேலே சொன்ன ஒப்பீட்டு விதி ஒரு வலையமைப்பின் முகவரிகளை அடுத்தடுத்து நிறுத்துவதால் இது இயலும். நீங்கள் நேரடியாக எழுதிக் கேட்டபோது உடனே விடை வந்தது அதனால்தான். இரு அட்டவணைகளை இணைக்கும்போது வலப்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் மாறுகிறது; அந்த மாற்றம் நிகழ்வதில்லை; ஆகவே ஒவ்வொரு முகவரியும் ஒவ்வொரு வலையமைப்போடும் ஒப்பிடப்படுகிறது.

இதற்கு வேறு வகை இன்டெக்ஸ் வேண்டும். தடைப்பட்டியலின் சிஐடிஆர் நெடுவரிசையில், அடங்குதல் போன்ற உறவுகளையும் தேடக்கூடிய ஜிஸ்ட் (GiST) இன்டெக்ஸ் அமையுங்கள், 9.4 பதிப்பு முதல் இந்த வகைகளுக்கு அது உள்ளமைந்தே வருகிறது. ஐநெட்_ஆப்ஸ் என்ற இயக்கி வகுப்பின் பெயரை வெளிப்படையாக எழுத மறவாதீர்கள். 10 ஆம் பதிப்பு முதல் எஸ்பி-ஜிஸ்ட் இன்டெக்ஸும் இருக்கிறது. அதற்கு வகுப்பின் பெயரை எழுதத் தேவையில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் முன்னொட்டுகளுக்கு அதன் மர அமைப்பு இயல்பாகவே பொருந்துவதால், நான் முதலில் முயல்வது அதைத்தான். இரண்டையும் உங்கள் தரவில் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு முகவரி பல வலையமைப்புகளுக்குள் அடங்கும்போது மிகக் குறுகியதை மட்டும் எடுக்க, மாஸ்க்லென் இறங்கு வரிசையில் முதல் வரியைக் கேட்டால் போதும். ரூட்டர்கள் பாதையைத் தேர்ந்தெடுப்பதும் இதே விதிப்படிதான்.

தடைப்பட்டியலில் வலையமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது உங்கள் விதியானால், அதே ஜிஸ்ட் இன்டெக்ஸை அடிப்படையாகக் கொண்டு, && குறியோடு விலக்குக் கட்டுப்பாடு ஒன்றை அட்டவணையிலேயே எழுதலாம். நிரலில் சோதிப்பதைவிட அது பன்மடங்கு நம்பகமானது. ஒரே நேரத்தில் இருவர் எழுதினாலும் அது பிசகாது.

பதில் 4: வேறுதளம்

இதே அமைப்பை மைஎஸ்க்யூஎல் தளத்தில் நடத்துபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். அங்கே இத்தகைய தனி வகை இல்லை. ஐபிவி4 முகவரியை இனெட்_ஏடன் செயற்கூற்றால் எண்ணாக்கி வைப்பது பழைய வழக்கம். அந்த நெடுவரிசை குறியிலா முழுஎண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் குறியுள்ள 32 பிட் எண் 2147483647 இல், அதாவது 127.255.255.255 இல் நின்றுவிடும். இரு குடும்பங்களும் வேண்டுமென்றால் இனெட்6_ஏடன் தரும் பைட்டுகளை 16 பைட் வரை நீளும் பைனரி நெடுவரிசையில் வைக்கிறோம். ஐபிவி4 ஆனால் நான்கு பைட், ஐபிவி6 ஆனால் பதினாறு. முன்னொட்டுக்கு இடமே இல்லாததால், வலையமைப்பைத் தொடக்கம், முடிவு என்று இரு நெடுவரிசைகளாக எழுதவேண்டியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி 10.5 பதிப்பில் ஐநெட்6 வகையையும் 10.10 பதிப்பில் ஐநெட்4 வகையையும் கொண்டுவந்தது. அவையும் முகவரியை மட்டுமே வைக்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் முன்னொட்டு அவர்களோடு உடன்பட முடியவில்லை. உரையை முழுவதும் கைவிடக்கூடாது. பதிவில் வந்தது வந்தபடி ஒரு நெடுவரிசையில் இருக்க வேண்டும் என்பேன். பயனரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் காலி உரையோ, கோடோ, காற்புள்ளி இட்ட பல முகவரிகளோ வரும் நிலைமை எல்லா இடத்திலும் உண்டு. முன்னால் சுழி இட்ட 010.0.0.1 போன்றவை அதைவிட ஆபத்தானவை: சி மொழியின் பழைய இனெட்_ஏடன் அந்த 010 ஐ எண்ம எண்ணாகக் கொண்டு 8 என்று படிக்கும், வேறு நிரலகங்கள் 10 என்று படிக்கும். இந்தக் குழப்பம் பாதுகாப்புப் பிழையாகவே கருதப்பட்டதால், கோ மொழி 1.17 பதிப்பிலும் பைத்தான் 3.9.5 பதிப்பிலும் அத்தகைய உள்ளீட்டை மறுக்கத் தொடங்கின. முதலில் வந்த உரை கையில் இல்லாவிட்டால், பின்னால் எது சரி என்று ஆராயவே முடியாது.

பதில் 5: முன்னொட்டு

வேறுதளம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த உரை எங்கே இருக்க வேண்டும் என்பதில் என் கருத்து சற்று மாறுபடும். வந்ததை வந்தபடி வைக்கும் இடம் உள்வாங்கும் தற்காலிக அட்டவணை. அங்கே எல்லாம் உரையாக இருக்கட்டும். அங்கிருந்து முதன்மை அட்டவணைக்கு நகர்த்தும்போது, போஸ்ட்கிரெஸ் 16 பதிப்பில் வந்த பிஜி_இன்புட்_இஸ்_வேலிட் என்ற செயற்கூற்றைக் கொண்டு, அந்த உரை ஐநெட் ஆகுமா என்று பிழை எழாமல் சோதிக்க முடியும். ஆகாதவற்றைத் தனி அட்டவணைக்கு அனுப்பி மனிதர் ஒருவர் பார்க்கட்டும். சுழி முன்னிட்ட முகவரிகளை, வகைமாற்றம் எதுவும் நிகழ்வதற்கு முன்பே, உரை நிலையிலேயே பிடித்து அதே தனி அட்டவணைக்கு அனுப்பிவிடுங்கள். எட்டா பத்தா என்று தரவுத்தளம் முடிவு செய்யும் நிலைக்கு அதை விடக்கூடாது. தேடலும் ஒப்பீடும் நடக்கும் முதன்மை அட்டவணையில் உரையும் ஐநெட்டும் அருகருகே இருந்தால், யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் உரை நெடுவரிசையை வைத்து வினவல் எழுதிவிடுவார். பதிவேட்டாளர் முதல் கேள்வியில் விவரித்த நிலைமை மீண்டும் தொடங்கிவிடும்.

நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் டிரைவரைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாததால் ஒரு குறிப்பு. பைத்தானில் சைகோபிஜி 2 ஐநெட் மதிப்பை இயல்பாக வெறும் உரையாகவே தரும். சைகோபிஜி 3 அதை முகவரிப் பொருளாகத் தரும்; ஆனால் முன்னொட்டு முழு நீளமாக இல்லாவிட்டால் அதே நெடுவரிசையிலிருந்து இடைமுகப் பொருள் வரும், சிஐடிஆர் ஆனால் வலையமைப்புப் பொருள் வரும். முன்னொட்டுக் கட்டுப்பாடு இல்லாத நெடுவரிசையில், ஒரே வினவலின் அடுத்தடுத்த வரிகள் இரு வேறு வகைப் பொருள்களைத் தரக்கூடும். நிரலின் வேறொரு மூலையில் ஒப்பீடு தவறும்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஜாவாவில் உரையை அளபுருவாகக் கொடுத்தால், நெடுவரிசை ஐநெட், கொடுத்தது உரை என்று சேவையகம் மறுக்கும். வினவலிலேயே அளபுருவுக்கு ஐநெட் என்று வகைமாற்றம் எழுதினால் போதும்.

பதில் 6: பைட்வரிசை

பிராட்காஸ்ட் செயற்கூற்றைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது முன்னொட்டுக்கு வலப்பக்கம் உள்ள பிட்டுகளை எல்லாம் ஒன்றாக்கித் தருகிறது, அவ்வளவே. ஐபிவி6 நெறிமுறையில் ஒலிபரப்பு முகவரி என்ற கருத்தே இல்லை. இருபுள்ளி இணைப்புகளுக்கான /31 வலையமைப்பில், 2000 ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3021 படி, இரு முகவரிகளும் கணினிகளுக்கே உரியவை. அதனால் அந்த விடையைத் தொகுதியின் கடைசி முகவரி என்று மட்டும் பொருள்கொள்ளுங்கள். தடைப்பட்டியலை வேறுதளம் சொன்னபடி தொடக்கம், முடிவு என்று ஏற்றுமதி செய்ய வேண்டியிருந்தால், நெட்வொர்க் செயற்கூறு தரும் மதிப்பின் ஹோஸ்ட் பகுதியும், பிராட்காஸ்ட் தரும் மதிப்பின் ஹோஸ்ட் பகுதியும் இரு குடும்பங்களுக்கும் சரியாகவே வரும்.